எர்மிந்தாவின் வாசலுக்கு ஒரு கால்மிதி

எர்மிந்தாவின் வீட்டை மேட்டுக்கு இழுத்து முடித்த அன்று சாயங்காலம், ஊரே புல்தரையில் உட்கார்ந்து சிப்பியும் கறியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் படகுக்காரன் ரொசாமெலைப் பார்த்து, "என் வாசலுக்குக் கால்மிதி நீதான் செஞ்சு போடணும்" என்றாள். மாட்டுக்காரன் சோஃபனோரின் வாயில் அப்போது ஒரு பெரிய பன்றிக்கறித் துண்டு இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எங்கள் கிராமமான புந்தா லூமாவில் வீட்டை இடித்துக் கட்டுவதில்லை, இழுத்துக்கொண்டு போவார்கள். கடல் கரையை அரித்து வேலியைத் தொட்டுவிட்டால், வீட்டுக்கு அடியில் இரண்டு நெடுங்கட்டைகளைச் சறுக்குக்குக் கொடுத்து, வடத்தைப் பூட்டி, எட்டு ஜோடி மாட்டைக் கட்டி, புகைபோக்கியோடு அப்படியே மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இழுக்கும்போது வடம் எங்காவது ஓரிடத்தில் அறுந்தே தீரும். அறுந்த துண்டின் புரிகளைப் பிரித்து, சறுக்குக் கட்டையில் ஒன்றரை முழம் அறுத்து ரீப்பராகப் பிளந்து, இரண்டையும் கோத்துப் புது இடத்து வாசலுக்குக் கால்மிதி போடுவது எங்கள் வழக்கம். சிலோயேத் தீவின் சேற்றில் கால்மிதி இல்லாத வீட்டை வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதைச் செய்ய ஆளைக் கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர். நானே செய்கிறேன் என்று யாரும் போய் நிற்கக்கூடாது. செய்தவன்தான் முதலில் அதில் காலைத் துடைத்து உள்ளே போவான், அடுப்போரத்து இருக்கை அவனுக்கு. புருஷன் பெண்டாட்டி உள்ள வீட்டில் மச்சானையோ சம்பந்தியையோ கேட்பார்கள், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஒரு விதவை, தனியாக இருக்கிற ஆம்பிளையைக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"எனக்கா? எனக்கு அதெல்லாம் என்ன தெரியும் எர்மிந்தா?" என்று ரொசாமெல் காது வரைக்கும் சிவந்தான்.

"தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டுச் செய்யி" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சோஃபனோருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வடம் அவனுடையது. முன்ஜோடி மாடு அவனுடையது. எட்டு ஜோடியையும் ஒரே அடியில் நகர வைக்க, காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியவன் அவன். ரொசாமெல் என்ன செய்தான்? எதிர்க்கரையிலிருந்து ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தான். சிரித்தான். வேறென்ன?

பக்கத்தில் இருந்த நோல்பெர்தோவுக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் சோறு செரிக்காது. "என்ன சோஃபனோரு, மெல்லவே மாட்டேங்கிற? கறி வேகலையா?" என்றான்.

"வெந்திருச்சு" என்றான் சோஃபனோர்.

"ஆமா, நல்லாத்தான் வெந்திருக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

மூன்று வருஷம். எர்மிந்தாவின் புருஷன் இறந்த பிறகு, ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு வண்டி விறகைக் கொண்டுவந்து அவள் வேலியோரம் அடுக்கினான் சோஃபனோர். நன்கு காய்ந்த விறகு, அடுப்புக்கு ஏற்ற அளவில் வெட்டியது. அடுக்கிவிட்டு வேலியில் சாய்ந்து நின்று பேசுவான். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள், ஒரு மத்தே தேநீர் கொண்டுவந்து கொடுப்பாள், அவன் குடித்துவிட்டுப் போவான். மனசில் இருப்பதை அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். ஐம்பத்தாறு வயசில் வேறு எப்படிச் சொல்வது? வீட்டை எங்கே இழுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அவனுடைய வேலிக்கு ஐம்பது அடி தள்ளி இருந்த தன் சித்தி நிலத்தை அவள் காட்டினாள். அன்றைக்கு அவன் தூங்கவே இல்லை. அது சித்தி நிலம், வேறு நிலம் அவளுக்குக் கிடையாது என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தெலீசியா பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே வீட்டில்தான் கிடந்தார்கள். கல்யாணம் ஆகாத தம்பிக்குச் சமைத்துப் போட்டே தன் நாக்கைத் தீட்டி வைத்திருந்தவள் அவள்.

"மூணு வருஷமா வேலியில நின்னு என்னடா பேசுன அவகிட்ட?"

"பேச வேண்டியதத்தான் பேசுனேன்."

"என்னன்னு?"

"என்னமோ பேசுனேன். விடு."

"மாட்டுக் குளம்பு வெடிச்சதப் பத்திப் பேசுன. எனக்குத் தெரியும், அவளே சொன்னா. ‘ஒங்க தம்பி வந்தா குளம்புல ஆரம்பிச்சுக் கொம்புல முடிப்பாரு'ன்னு. வாயில என்ன கிழங்கா வச்சிருந்த? கட்டிக்கிறியான்னு ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்ன கேடு?"

"கேக்காமலே புரியாதா ஒரு பொம்பளைக்கு?"

"விறகு போட்டா விறகுன்னுதான்டா புரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கிளறப் போனாள்.

திங்கட்கிழமை சோஃபனோர் கடற்கரைப் பக்கம் போனான். மாட்டுக்குக் கடல்பாசி அரிக்கப் போவதாக அக்காவிடம் சொன்னான். கால் என்னவோ நேராக ரொசாமெலின் படகுக் கொட்டகைக்கே போயிற்று. சும்மா பார்க்கலாம் என்றுதான் போனான், சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை.

ரொசாமெல் ரீப்பர்களைப் பிளந்து, இழைத்து, துளை போட்டு வரிசையாக அடுக்கியிருந்தான். மரவேலை சுத்தம். படகு கட்டிய கையல்லவா. பதினான்கு ரீப்பர், ஒவ்வொன்றிலும் மூன்று துளை. பக்கத்தில், பிரித்த புரிகள் ஆணியில் சுருளாகத் தொங்கின. சோஃபனோர் போகிற போக்கில் அதைத் தொட்டுப் பார்த்தான். கயிறு எலும்பாகக் காய்ந்திருந்தது.

"வாங்கண்ணே, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க" என்று ரொசாமெல் பெட்டியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னான். "நைலான் கயிறுன்னா கண்ண மூடிக்கிட்டு முடிச்சுப் போடுவேன். இந்த நார்க்கயிறு என்ன எழவோ, கை பூரா சிலாம்பு ஏறுது. எப்பிடியோ கோத்துரலாம்னு பாக்குறேன். சரியாத்தான் போகுதா, பாருங்களேன்."

நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். மரம் நனைந்தால் பருக்கும். அதனால்தான் கால்மிதிக்கான கயிற்றை ஒரு நாள் முழுக்க ஓடையில் ஊறப்போட்டு, ஈரத்தோடு முடிச்சுப் போட வேண்டும். ரீப்பருக்கு ரீப்பர் ஒரு விரல் இடைவெளியும் விட வேண்டும். மாடு கட்டுகிற வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். படகுக்காரர்கள் நைலானுக்கு மாறி நாற்பது வருஷம் ஆகிறது. நைலான் நனைந்தாலும் காய்ந்தாலும் ஒன்றுதான். ரொசாமெலுக்கு இது தெரிய வழியே இல்லை.

ஒரே ஒரு வார்த்தை. ‘ஊறப்போடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது சோஃபனோரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது பலகைமேல் ஒரு தட்டு இருப்பதைப் பார்த்தான். துணி மூடிய தட்டு, மிச்சமாக இரண்டு கிழங்கு அப்பம். அந்தத் துணியின் ஓரத்துச் சிவப்புத் தையல் யாருடைய கை என்று அவனுக்குத் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கு. அப்பிடியே கோத்துட்டுப் போ" என்றான்.

மறுநாளும் போனான். அக்காவிடம் அதே கடல்பாசி. ரொசாமெல் நான்கு ரீப்பரைக் கோத்திருந்தான், கோணல்மாணலாக, ஆனால் பொறுமையாக.

"நடுவுல கொஞ்சம் இடம் விடணுமோண்ணே? எங்கப்பா ஏதோ அப்பிடிச் சொன்ன ஞாபகம்."

"எதுக்கு? பூட்ஸ் குதி மாட்டி யாராவது விழுந்து பல்ல ஒடச்சுக்கவா? நெருக்கிக் கட்டு."

"இப்பிடியா?"

"இன்னும்."

"இதுக்கு மேல வரலண்ணே."

"தள்ளு" என்று சோஃபனோரே உட்கார்ந்தான். ரீப்பரில் ஒரு காலை ஊன்றி, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ரீப்பரும் ரீப்பரும் முட்டிக்கொண்டு நின்றன. முடிச்சை இறுக்கியபோது மனசுக்குள் ஜில்லென்று இருந்தது. மூன்று நாளாக எரிந்த வயிறு அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது. செய்வது அயோக்கியத்தனம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இன்னொரு வரிசையும் இழுத்தான்.

"உங்க கைக்கு என் கை வருமாண்ணே" என்றான் ரொசாமெல். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "உங்கள விட்டுட்டு என்னக் கேட்டுட்டாளேன்னு எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு. உங்களப் பத்தித்தான் நேத்துக்கூட நானும் எர்மிந்தாவும் பேசிட்டிருந்தோம்."

நானும் எர்மிந்தாவும். எவ்வளவு சாதாரணமாகச் சேர்த்துச் சொல்கிறான்!

"என்ன பேசுனீங்க?"

"அந்த அண்ணன் இல்லன்னா வீடு நகந்திருக்காதுன்னு. அவளும் அதத்தான் சொன்னா." ரொசாமெல் குரலைத் தாழ்த்தினான், கொட்டகையில் வேறு ஆளே இல்லாதபோதும். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ஏப்ரல்ல ஒரு தடவ டவுனுக்குப் போயிட்டுப் படகுல தனியா வந்தா. கடல் கொஞ்சம் மோசம். பயந்து போயி இருந்தா. பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தேன். அப்பக் கேட்டுட்டேண்ணே. ‘நீ ஒரு அடுப்பு, நான் ஒரு அடுப்புன்னு தனித்தனியா எரிச்சு எதுக்கு விறகக் கரியாக்குறோம்'னு."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சா. பத்து மாசமா ஒண்ணும் சொல்லல. இப்பத்தான் பதில் வந்திருக்கு."

சோஃபனோர் எழுந்துவிட்டான். பத்து மாசமாக அவள் அடுப்பில் கரியானது யாருடைய விறகு? அவன் வெட்டி, அவன் காயவைத்து, அவன் வண்டி கட்டிக் கொண்டுபோய் அடுக்கிய விறகு. அதில் குளிர் காய்ந்துகொண்டு அவள் இந்தப் படகுக்காரனுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறாள். ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வியில் அடித்துக்கொண்டு போய்விட்டானே!

"கடைசி வரிசையும் இதே மாதிரி நெருக்கிரு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மத்தியானம் கால்மிதியைக் கொண்டுபோய் எர்மிந்தாவின் வாசலில் போட்டார்கள். படியின் இரு பக்கக் கட்டைகளுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி பொருந்திப் படுத்துக்கொண்டது. முறைப்படி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஊர் கூடும்போதுதான் அதில் கால் துடைப்பார்கள். அதுவரை வீட்டுக்காரி மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போய்வரலாம். எர்மிந்தா கால்மிதியைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு ரொசாமெலைப் பார்த்துச் சிரித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்த சோஃபனோருக்கு, அந்தச் சிரிப்பு ஐம்பது அடி தாண்டி வந்து குத்தியது.

அது பிப்ரவரி மாசம், எங்களுக்குக் கோடையின் கடைசி. வைக்கோல் காய்வதற்காக ஊரே வானத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. சோஃபனோர் ஒருவன்தான் மழைக்கு வேண்டினான். தன்னுடைய வைக்கோலே வெளியில் கிடந்தது. தெலீசியா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேற்க கருக்குதுடா, வந்து மூடு" என்று கத்தினாள்.

"வராது."

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"வந்தா வரட்டும்" என்றான். அவள் தம்பியின் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தார்ப்பாயைத் தானே இழுத்துக்கொண்டு போனாள். பாதி வைக்கோலைத்தான் அவளால் மூட முடிந்தது.

இரவெல்லாம் அடித்துப் பெய்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மழை தூறலாகக் குறைந்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு எர்மிந்தாவின் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கால்மிதி, முதுகைத் தூக்கிய பூனை மாதிரி நடுவில் எழும்பி நின்றது. கடற்காற்று கதவைத் தள்ளிச் சாத்தும்படி எங்கள் வீடுகளில் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படிதான் வைப்பார்கள். அந்தக் கதவு கால்மிதியின் கூனலில் முட்டி நின்றது. நான்கு விரல் இடைவெளி. அதற்கு மேல் அசையவில்லை.

உள்ளேயிருந்து எர்மிந்தாவின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. "காலையிலேருந்து தள்ளிப் பாக்குறேன். எனக்கென்ன, உள்ள சூடா இருக்கேன். நீங்கதான் நனையுறீங்க" என்றாள்.

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நோல்பெர்தோ எட்டி வந்து பார்த்தான். "கால்மிதி செய்யச் சொன்னா கவுத்துப் போட்ட படகுல்லயா செஞ்சிருக்கான்! துடுப்பு எங்கப்பா?"

ரொசாமெல் சட்டைக் கழுத்து வரை சிவந்து, கால்மிதியின் மேல் ஏறி நின்று மிதித்தான். அது இறங்கியது. அவன் இறங்கியதும் மறுபடி எழுந்துகொண்டது. இன்னும் பெரிய சிரிப்பு. கூட்டத்தின் பின்னால் நின்ற சோஃபனோர் சிரிக்கவில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்து நின்றான். பார்க்கட்டும், எவனைக் கேட்டோம் என்று அவளும் அந்தச் சந்து வழியாக நன்றாகப் பார்க்கட்டும்.

"தப்பு என்னோடதுதான்" என்றான் ரொசாமெல். "துளை எங்கயோ கோணலாப் போட்டிருக்கேன். முடிச்சுல குத்தம் இருக்காது. நான் தனியாச் செய்யலங்க, அத நான் சொல்லியே ஆகணும். சோஃபனோர் அண்ணன் ரெண்டு நாள் வந்து கூட நின்னு காட்டிக் குடுத்தாரு. இடைவெளி விடாம நெருக்கிக் கட்டுன்னு அவருதான் சொன்னாரு. நடுவுல ரெண்டு வரிசை அவரு கையாலயே இழுத்தது. அந்த நன்றிய இன்னிக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லணும்னு இருந்தேன்."

குற்றம் சாட்ட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. பெருமையை மற்றவனுக்கும் பங்கு கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. அங்கே நின்ற பாதிப் பேருக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்ததே சோஃபனோர்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெலீசியா கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாக வேலிக் கட்டைமேல் வைத்தாள்.

"சோஃபனோர்" என்றாள் எர்மிந்தா கதவுச் சந்திலிருந்து.

"ம்."

"கிட்ட வா. ஒண்ணு கேக்கணும்."

வந்தான். இவ்வளவு பக்கத்தில் அவள் கண்ணை அவன் பார்த்ததே இல்லை.

"நார்க்கயிறக் காஞ்சபடி நெருக்கிக் கட்டுனா மழையில இப்பிடி ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றால் நாளையிலிருந்து எவனும் அவனை வடம் பூட்டக் கூப்பிட மாட்டான். தெரியும் என்றால் இந்தக் கதவு அவனுக்கு இனிமேல் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா? அதுதான் நல்லது. அதைச் சொல்லத்தான் மூச்சை இழுத்தான்.

அதற்குள் நோல்பெர்தோ இரக்கப்பட்டுவிட்டான். "விடு எர்மிந்தா. பாவம், மனுஷனுக்கு வயசாகுதுல்ல. மறந்திருப்பாரு. எங்க மாமனாருகூட இப்பல்லாம் முடிச்சு மறந்து போறாரு."

"யாருக்குய்யா மறக்கும்?" என்று சோஃபனோர் சீறினான். "இந்த ஊருல கயிற ஓடையில போட்டு ஊற வைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்! முப்பது வருஷமா கட்டுறேன். எனக்கா தெரியாது? நல்லாத் தெரியும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. யாரோ ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். கதவுச் சந்தில் அந்தக் கண் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் ஒரு கணக்கு புரிந்தவள் போல மெதுவாகத் தலையாட்டினாள். மூன்று வருஷமாக அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் நினைத்தது அத்தனையும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நோல்பெர்தோ கத்தியை விரித்துக்கொண்டு முன்னால் வந்தான். "அறுத்துப் போட்டுக் கதவத் திறப்போம்."

"கத்திய மடக்கு" என்றாள் எர்மிந்தா. "என் வீட்ட இழுத்த கயிறு அது. தானா அறுந்துச்சு. அதுல இரும்பு பட்டா வீடு இந்த இடத்துல தங்காது. யாரு நெருக்குனாங்களோ அவங்களே அவுக்கட்டும்."

சோஃபனோர் மண்டியிட்டான். நனைந்து ஊதிய நார் முடிச்சை அவிழ்ப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் மாட்டுக்கொம்புக் குத்தூசியை எடுத்து, முடிச்சின் அடிவயிற்றில் குத்தி, நெம்பி, ஒவ்வொரு புரியாக வெளியே இழுத்தான். நகம் பிய்ந்தது. முதுகில் மழை வழிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, இதை விட்டுவிட்டு யார் போவார்கள்? கூரை ஓரத்தில் ஒதுங்கி, மூடிய பாத்திரங்களோடு நின்று பார்த்தார்கள். அவன் தானே இழுத்த இரண்டு வரிசைதான் கடைசி வரை இளகவில்லை. அவற்றோடு மட்டும் கால் மணி நேரம் போராடினான்.

கால்மிதி தளர்ந்து, கதவு திறந்தது. எர்மிந்தா வாசலில் நின்றாள். வெளியே வரவில்லை.

"இப்பத் திரும்பக் கட்டு. கயிறு நல்லா ஊறித்தான் இருக்கு" என்றாள்.

ரொசாமெல் வந்து பக்கத்தில் மண்டியிட்டு ரீப்பரைப் பிடித்துக்கொண்டான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "என்கிட்டக் கேட்டிருந்தா, இந்தக் கயிற உங்க கையிலயே குடுத்திருப்பேண்ணே. செய்யிங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

"வாய மூடிக்கிட்டுப் பிடி."

"பிடிக்கிறேன். ஒரு விரல் இடைவெளிதானே?"

அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று சோஃபனோர் தேடிப் பார்த்தான். இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இவன் ஒரு அறை விட்டிருக்கலாம், ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். மழையில் மண்டியிட்டு ரீப்பரைப் பிடித்துக்கொண்டு, இப்படியும் ஒருவன் நல்லவனாக இருக்க வேண்டுமா? அவள் ஏன் இவனைக் கேட்டாள் என்பது அந்த நிமிஷம் அவனுக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியதால் பொறாமை குறையவில்லை, இரண்டு மடங்காயிற்று.

கடைசி வரிசைக்கு வந்தபோது, ஒரு முடிச்சை அரைகுறையாக விட்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு மாசத்தில் பிரிந்துவிடும், யாருக்கும் தெரியாது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். விரல்கள் அவனைக் கேட்கவில்லை. அவை முப்பது வருஷமாகச் செய்ததையே செய்தன. சுற்றி, நுழைத்து, இழுத்து, இன்னொரு தரம் சுற்றி இறுக்கி, நுனியை உள்ளே மறைத்துவிட்டன.

அவன் எழுந்து ஓரமாக நின்றான். எர்மிந்தா குனிந்து, படிக்கட்டைகளுக்கு நடுவே கால்மிதியைச் சரியாக விரித்தாள். அது தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. ரீப்பருக்கு ரீப்பர் ஒரே விரல் இடைவெளி. பார்த்தவர்களில் யாரோ ஆகா என்றார்கள்.

"நல்லாக் கட்டியிருக்க" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்தே. "இனிமே என் வீட்டு வேலைக்கு நீ வர வேண்டாம், சோஃபனோர். ஆளு இருக்கு."

ரொசாமெல் படியில் ஏறினான். இடது பூட்ஸை முன்னும் பின்னுமாகத் துடைத்தான், பிறகு வலதை. சேறு இடைவெளி வழியாக அழகாகக் கீழே உதிர்ந்தது. அவன் பக்கவாட்டையும் துடைத்து, குதிகாலையும் தேய்த்து, ஒரு பொட்டு மண் இல்லாமல் சுத்தம் பண்ணிக்கொண்டு உள்ளே போனான். சோஃபனோர் அதையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றான். ஒரு முடிச்சும் அசையவில்லை. பத்து வருஷம் அந்தப் பூட்ஸைத் தாங்குகிற மாதிரி தன் கையாலேயே கட்டி வைத்திருந்தான், பாவி.